மதகுக் கதவு

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
12-5-1966

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கோவிந்தராஜ் எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் கப்பல் மயக்கம் தெளிந்து எழுந்து நடமாடுவீர்கள் என்று நினைக்கிறேன். கப்பல் துறையில் நீ அழுததைப் பற்றி ஊருக்கு யாரும் எழுத வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஐந்து ஏக்கர் ரங்கத் பக்கத்திலேயே தாழ்ந்த பூமி. மேட்டு நிலமெல்லாம் முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டது. போன வருஷம் வரைக்கும் உங்கள் வயல் வயலே இல்லை. உப்புத் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற சேற்றுக் காடு. காட்டை வெட்டி, கடல் வருகிற வாய்க்கு மண்கரை போட்டு, தண்ணீரை வெளியே நிறுத்தியது ஓவர்சீயராக இருக்கிற உன் தம்பி.

கரைக்கு நடுவில் ஒரு மதகு இருக்கிறது. அதில் படாக் என்கிற கனத்த காட்டு மரத்தில் செய்த ஒரு கதவு, மேலே கீல் வைத்து, கடல் பக்கமாகத் தொங்குகிறது. கடல் ஏறும்போது தண்ணீரே அதைத் தள்ளிச் சாத்திவிடும். கடல் இறங்கும்போது உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போய்விடும். ஆள் வேண்டாம், சாவி வேண்டாம். மூன்று வருஷம் டிப்ளமா படித்ததில் நான் உருப்படியாகச் செய்தது அந்தக் கதவுதான். அதை யாரும் தொடக்கூடாது. இதை மாமாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

மழை மண்ணிலிருக்கிற உப்பைக் கழுவி வெளியே கொண்டுபோகும். பிறகு நெல். இரண்டு அறுப்புக்குள் ஒன்றிலாவது பட்வாரி, அதாவது இங்கத்திய கணக்குப்பிள்ளை, வந்து பார்த்து, விளைந்தது என்று எழுத வேண்டும். எழுதினால் பட்டா மாமா பேரில் வரும். இல்லையென்றால் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஊரில் இருந்த குடிசையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். திரும்பிப் போனால் நிற்க இடமில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு உழுங்கள்.

மாமா அந்த வடக்கயிற்றைத் தாராபுரத்திலிருந்து ஏன் சுமந்து வந்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இங்கே மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கிணறே கிடையாது. கப்பலில் எல்லோரும் சிரித்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கொசுவலை இல்லாமல் படுக்காதே.

தம்பி
கோவிந்தராஜ்


கரையடி, ரங்கத்
3-7-1966

என் தம்பி கோவிந்தராஜுக்கு,

அக்கா செல்லம் எழுதுவது. வீரக்குமாரசாமி புண்ணியத்தில் நானும் மாமாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஓட்டல் சோறு உனக்கு ஒத்துக்கொள்ளாதே, கண்ணு. வாரத்தில் ஒரு நாளாவது ரசம் வைத்துச் சாப்பிடு.

இங்கே மழை நின்ற பாடில்லை. ஊரில் மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணிய மனுசன், இங்கே வானத்தைப் பார்த்து வைகிறார். கரைமேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் கடல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. இந்தப் பக்கம் நம் வயல் கீழே கிடக்கிறது. பார்த்ததும் நான் இறங்கி வந்துவிடுகிறேன். மாமா மட்டும் சிரிக்கிறார். "உந்தம்பி கடலையே பள்ளிக்கோடத்துப் பையனாட்டம் வெளிய நிக்க வெச்சுட்டான் புள்ளே" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கதவைக் காட்டுகிறார். அவர் சொல்வது ஒருத்தருக்கும் புரிவதில்லை. ஆனாலும் காட்டுகிறார்.

பக்கத்து நிலம் ஹரிபதா மண்டல் என்கிற பெங்காலிக்கு. வாய் ஓயாத ஆள். நம் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "தீதி, இதர் தான் நஹி ஹோகா, மச்சி ஹோகா" என்றான். இங்கே நெல் வராது, மீன்தான் வரும் என்கிறானாம். மாமாவுக்கு வந்ததே கோபம். "மீன் புடிக்கறதுக்கா நான் கடல் தாண்டி வந்தேன்? சொந்தமா ஒரு வரப்பு வேணும்னு வந்தேன்டா" என்றார் தமிழிலேயே. அவன் "டீக் ஹை, டீக் ஹை" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் வீட்டில் கொடுத்த மடவை மீனை, அவன் பெண்டாட்டி சொல்லிக்கொடுத்தபடி உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்தேன். மழை விட்டபோது வெளியேயும் விடாதபோது அடுப்புக்கு மேலேயும் தொங்கவிட்டேன். போட்டில் வருகிற கம்பவுண்டரிடம் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நன்றாக இல்லாவிட்டால் எழுது.

ராஷன் அரிசி ஆவணியோடு நின்றுவிடும் என்கிறார்கள்.

உன் அக்கா
செல்லம்


டெய்ரி ஃபார்ம்
20-8-1966

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்குக் கடவுளும் கொயினா மாத்திரையும் துணை.

கருவாடு பிரமாதம். பாதியை எங்கள் ஏ.ஈ., அதாவது உதவி இன்ஜினீயர், பக்தவத்சலம் சாருக்குக் கொடுத்தேன். அவர் நாகப்பட்டினத்துக்காரர், மீன் இல்லாமல் சோற்றைத் தொடமாட்டார். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "கோவிந்தராஜ், இது அலையில அடிபட்ட மீன் இல்லய்யா. தேங்கின தண்ணியில தின்னுட்டுக் கெடந்த மீன். கொழுப்பைப் பாரு" என்றார். மறுநாள் ஆபீஸில் என்னை உட்காரச் சொன்னார். இந்த ஒரு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

என் வேலை நிரந்தரமாவது அவர் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு போட்டிலும் கொஞ்சம் அனுப்பு. ஹரிபதா கொடுப்பது போதாவிட்டால் மாமாவையே பிடிக்கச் சொல். நாள் முழுவதும் வரப்பில் உட்கார்ந்து பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேகமாக வளராது.

ஹரிபதா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. உப்பு ஒரு ரசாயனம். அவன் நாக்கு லேபரட்டரி இல்லை. கடலை நிறுத்தியாகிவிட்டது, மழை கழுவுகிறது, மீதி கணக்கு. இந்த வருஷம் பாதி விளையும், அடுத்த வருஷம் முழுதாக விளையும்.

மாமாவுக்கு வணக்கம். அரிசி நின்றால் எழுது. மாவு கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

கோவிந்தராஜ்


கரையடி
18-12-1966

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உனக்கு இருமல் இருந்ததாகக் கம்பவுண்டர் சொன்னார். மிளகு தட்டிப் போட்டுப் பால் குடி. இங்கிருந்து பார்த்துக்கொள்ள முடியாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஒவ்வொரு போட்டிலும் கருவாடு வந்து சேர்ந்ததா? மாமாதான் பிடிக்கிறார். மாட்டுக் கயிறு பிடித்த கை இப்போது வலை பிடிக்கிறது. முதல் நாள் மீனைத் தொட்டுவிட்டு மூன்று தடவை கை கழுவினார். இப்போது கழுவுவதில்லை. "அவனுக்கு உத்தியோகம் கெட்டியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

அறுப்பு ஆயிற்று. மேலண்டை ஓரத்தில் கொஞ்சம் நெல் வந்தது. மதகுக்குப் பக்கத்தில் இருந்த பயிர் செம்பட்டை அடித்து, கதிர் வைக்காமலேயே நின்றுவிட்டது. பட்வாரி வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒன்றும் எழுதாமல், "அக்லே சால்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷமாம். ஒரு அறுப்பு போய்விட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. மாமா நெல்லைப் புடைத்துக் கொண்டே இருந்தார். புடைக்கப் புடைக்கக் குறைந்துகொண்டே போயிற்று.

ஹரிபதா உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னான். பௌர்ணமி ஏற்றத்தில் மதகுக் கதவு ஒருவேளை தூக்கிக்கொண்டு நின்றுவிட்டால் எவ்வளவு உப்பு உள்ளே வரும்? ஒரு மழை அதைக் கழுவிவிடாதா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டான். கோபித்துக்கொள்ளாதே.

கருவாட்டைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினால் உனக்கு ஏதும் சிரமம் வருமா என்றும் எழுது.

இன்றைக்கு வெயில். வடக்கயிற்றில் உப்புப் பூத்திருந்தது. கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.

உன் அக்கா
செல்லம்


டெய்ரி ஃபார்ம்
9-1-1967

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. நலம்.

ஹரிபதாவுக்குப் பதில். பௌர்ணமி ஏற்றத்தில் கதவு ஒரு தடவை தூக்கி நின்றால், ஒரு மழைக்காலம் முழுவதும் கழுவியது வீண். உள்ளே இருப்பது பள்ளம். வந்த உப்புத் தண்ணீர் முழுதாகத் திரும்பிப் போகாது. மண்ணுக்குள் இறங்கும். வெயில் அடித்தால் மேலே பூக்கும். இது புரிவதற்கு டிப்ளமா வேண்டாம். ஊறுகாய்ப் பானை போதும். அவன் ஏன் கேட்கிறான்? அவன் கதவில் கை வைத்தால் எனக்கு ஒரு வரி எழுது. அன்றைக்கே அவன் நிலம் போகும். அவன் மட்டுமில்லை, யார் தொட்டாலும் போகும். இதை உத்தரவாகவே எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறோம்.

உங்கள் விளைச்சலைப் பற்றி: மதகுப் பக்கம் பயிர் கெட்டதற்குக் காரணம் மாமா நாற்றை அவசரப்பட்டு நட்டது. மானாவாரி விவசாயி மேகத்தைப் பார்ப்பான், மண்ணைப் பார்க்கமாட்டான். அவரிடம் சொல்லி வருத்தப்பட வைக்க வேண்டாம். ஆனால் அதுதான் உண்மை.

கருவாட்டைக் குறைக்கக் கூடாது. அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். ஏ.ஈ. வீட்டில் விருந்து. "ரங்கத் கொடுவா ரெண்டு பெருசா வந்தா சபை நெறஞ்சுரும், என்ன?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சொன்னதாகத்தான் அர்த்தம். பச்சையாக, ஐஸ் போட்டு, நல்ல மீனாக அனுப்பு.

பொங்கல் வாழ்த்து. கரும்பு இங்கேயும் கிடைக்கவில்லை.

கோவிந்தராஜ்


கரையடி
11-6-1967

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு எழுது. மாசிக்குப் பிறகு நான் எழுதவில்லை என்று கோபப்பட்டிருப்பாய். எழுத ஒன்றும் இல்லை. கொடுவா சபைக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

விருந்து முடிந்ததும் உன் பொங்கல் கடிதத்தை மாமாவுக்கு மறுபடி இரண்டு தடவை படித்தேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கரைமேல் போய் நின்றார். வந்து வடக்கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டார். அதன்மேல் பானையைக் கவிழ்த்து வைத்தார். "இனி மீனு வேண்டாம் புள்ளே. நெல்லு ஒண்ணு போதும்" என்றார். ஆகையால் போட்டில் கருவாடு வராது. கேட்டால் மாமாவுக்குக் கை சுகமில்லை என்று சொல்லிவிடு.

மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. மாமா வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கலக்கிக் கலக்கித் தண்ணீரை மதகு வழியாக வெளியே விடுகிறார். உழுகிறவர் மாதிரி இல்லை. துணி துவைக்கிறவர் மாதிரி நிலத்தைத் துவைக்கிறார். ஹரிபதா பார்த்துவிட்டு, "தோபி, தோபி" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். நாற்று பச்சைப் பசேல் என்று நிற்கிறது. இந்த மண்ணில் இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் மாமா முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறார். அப்புறம்தான் முகம் கழுவுகிறார்.

தையில் பட்வாரி வருவார். அன்றைக்கு நீயும் வர வேண்டும். புது நெல்லில் பொங்கி உனக்கு இலை போட வேண்டும் என்று இருக்கிறேன்.

உன் அக்கா
செல்லம்


டெய்ரி ஃபார்ம்
24-8-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நலமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. மனசு நலமில்லை.

கருவாடு நின்றதிலிருந்து ஏ.ஈ. என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டிக்லிபூர் ஓவர்சீயர் ஒருவன் மான்கறி கொண்டுவந்து கொடுக்கிறான். எங்கள் இரண்டு பேர் ஃபைலும் ஒரே மேஜையில் கிடக்கிறது. நிரந்தர இடம் ஒன்றுதான். செப்டம்பர் கடைசியில் கையெழுத்தாகும். நேற்று என்னைக் கூப்பிட்டு, "உங்க மாமாவுக்குக் கை இன்னுமா சரியாகலே? வலையெல்லாம் இருக்கா, வித்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்குச் சிபாரிசு செய்ய யாருமில்லை. அப்பா இல்லை, சாதிக்காரன் இல்லை. இருப்பது கருவாடு. அதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறேன். பௌர்ணமிக்குப் பிறகு வருகிற போட்டில் ஒரு கூடை நிறைய வர வேண்டும். ஒரே ஒரு தடவை. என்னைக் கோயமுத்தூரில் டிப்ளமா படிக்க வைத்தது மாமாதான். அடுத்தவன் கிணற்றில் மாடு ஓட்டித்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார். அவ்வளவு தூரம் தூக்கிவிட்டுக் கடைசிப் படியில் கையை விடுவாரா? கேட்டுச் சொல். உன் தம்பி தற்காலிக ஓவர்சீயராகவே இந்தத் தீவில் கிழவனாகட்டும் என்றால் அதையும் எழுதிவிடு. இனி கேட்கமாட்டேன்.

கோவிந்தராஜ்


கரையடி
22-9-1967

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். ஒரு கூடை மடவையும் ஒரு சாக்கு இறாலும் அனுப்பியிருக்கிறேன். இது போதும் என்று நினைக்கிறேன்.

பயிர் கதிர் தள்ளுகிற பருவத்தில் பொதி கட்டியிருந்தது. இந்த ஏற்றம் பெரிய ஏற்றம் என்று ஹரிபதா சொன்னான்.

மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

செல்லம்


டெய்ரி ஃபார்ம்
30-11-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான் ரங்கத் வந்தும் உன் வீட்டில் கை நனைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். நான் வந்தது ஆபீஸ் வேலையாக. கூட ஏ.ஈ. இருந்தார். ஆபீஸ் வேலையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை நானே எழுதுகிறேன். பிறர் சொல்லி நீ கேட்க வேண்டாம்.

மதகைச் சுற்றி இருந்த நெல் முழுவதும் சாவி, உள்ளே மணியே இல்லை. மண்ணைச் சோதித்தால் உப்பு, சமையலுக்குப் போடலாம் போல. ஏ.ஈ. என்னைப் பார்த்து, "என்னய்யா, உன் கதவு ஒழுகுதா?" என்றார். எல்லோர் முன்னாலும். நான் கதவின் மேல்கட்டையைப் பார்த்தேன். கயிறு அறுத்த தடம் இருந்தது. கரைமேல் வெட்டி விட்டிருந்த மரக்கட்டையில் ஒரு முழம் கயிறு முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, கதவை யாரோ தூக்கிக் கட்டி, ஏற்றத்தில் மீனை உள்ளே விட்டு, இறக்கத்தில் வலை போட்டிருக்கிறார்கள். "யார் செய்தது?" என்று ஏ.ஈ. கேட்டார். ஹரிபதா கையைக் கட்டிக்கொண்டு, "மாலும் நஹி சாப்" என்றான், தெரியாதாம். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாமா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் என்னைப் பார்த்தார்.

எனக்கு முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல் பறிக்கு வடம் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். ஒரு தட்டுத் தட்டினால் அவிழும். சின்ன வயதிலிருந்து பார்த்தது. இந்தத் தீவில் அந்த முடிச்சைப் போடுகிற ஆள் ஒருவர்தான். "சார், இது எங்க ஊர் முடிச்சு" என்று நானே சொன்னேன்.

சொல்லாமல் இருந்தால் கதவில் கோளாறு, டிசைன் தப்பு என்று என் தலையில் விழுந்திருக்கும். கதவில் தப்பில்லை. தப்பில்லாததைத் தப்பு என்று நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஏ.ஈ. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்தம்னு பாக்காம சொன்னே பாரு, அதுதான்யா டெக்னிகல் மேன்" என்றார். ரிப்போர்ட்டையும் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். நில ஒதுக்கீடு ரத்தாகிவிட்டது. பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். காட்டிலாகா முகாமில் மாமாவுக்குக் கூலி வேலைக்குச் சொல்லியிருக்கிறேன். அது நான் செய்த உதவி என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். கையில் ஐந்து ஏக்கர். இன்னும் இரண்டு மாதத்தில் பட்டா. அதற்குள் இந்தப் பேராசை மாமாவுக்கு எங்கிருந்து வந்தது?

என் வேலை நிரந்தரமாகிவிட்டது.

உன் தம்பி
கோவிந்தராஜ்


காட்டிலாகா முகாம், ரங்கத் வழி
21-1-1968

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருவரும் சுகம்.

பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். மாமாவுக்கு யானை இழுக்கிற மரத்துக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. எனக்கு முகாமில் சமையல். இங்கே கடல் தெரியாது. மரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அட்டை கடிக்கிறது. புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்கிறோம்.

காலி செய்யச் சொன்ன அன்றைக்கு, நின்ற பயிரை நாங்களே அறுத்து மாட்டுக்குப் போட்டோம். மாடு இரண்டு வாய் தின்றது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமா ஒரு தாளைப் பிய்த்து வாயில் வைத்து மென்று பார்த்தார். "மாடு பொய் சொல்லாது" என்றார். கவர்மெண்ட் கொடுத்த மாடு என்று பட்வாரி அதை ஓட்டிக்கொண்டு போனார். ஹரிபதா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, நம் கூரைத் தகரத்தைக் கேட்டான். கொடுத்துவிட்டேன்.

உனக்கு வேலை நிரந்தரமானதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "படிக்க வெச்சது வீண் போகல" என்றார். அந்தக் கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் படித்துக் காட்டினேன்.

பேராசை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். போர்ட் பிளேரிலிருந்து வந்தது. போட்டில் வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

செல்லம்


டெய்ரி ஃபார்ம்
14-5-1968

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தைக் கடிதம் கிடைத்தது. கடைசியில் எழுதியிருந்ததை முதலில் குத்தல் என்று நினைத்தேன். போன வாரம் ஹரிபதாவின் வாயைப் பிடுங்கியபோதுதான் முழுதும் தெரிந்தது. இரண்டு வருஷமாக நானும் ஏ.ஈ.யும் தின்றதெல்லாம் மதகு மீன். கரைக்கு வெளியே கடலில் பிடித்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். ஹரிபதா பேரைச் சொல்லிச் சுற்றி வளைத்துக் கேட்டால் எனக்கு எப்படிப் புரியும்? எனக்கு நேராகச் சொல்ல வேண்டும். அது உனக்குத் தெரியாததா?

நேராகச் சொல்லியிருந்தால் அப்போதே இந்தத் திட்டத்தைக் கொடுத்திருப்பேன். விஷயம் இதுதான். நீங்கள் போன பிறகு அந்த நிலத்தை முழுதாக லெவல் எடுத்துப் பார்த்தேன். அது ஏற்றத்தின் பாதி மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. கதவை யாரும் தொடாவிட்டாலும் அடியில் உப்பு ஊறும். அங்கே நெல் ஒருபோதும் முழுதாக விளையாது. மாமா மட்டும் காரணமில்லை. ஆனால் மீன் கொழுக்கும். பௌர்ணமி அமாவாசை ஏற்றத்தில் கதவைத் தூக்கிக் கட்ட வேண்டும். குஞ்சு உள்ளே வரும். கதவை இறக்கிவிட்டு வளர்க்க வேண்டும். பெரிதானதும் இறக்கத்தில் வலை. இதை வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தேன். ஏ.ஈ. மெட்ராஸ் வரைக்கும் அனுப்பினார். பாஸாகிவிட்டது. அந்தப் பள்ளம் முழுவதும் இனி கவர்மெண்ட் மீன் பண்ணை. பொறுப்பு எனக்கு.

ஒரு சிக்கல். படாக் கதவு கனம். இப்போது கூலிக்குக் கதவைக் கட்டுகிற ஹரிபதா போடுகிற முடிச்சு ஏற்றத்தின் இழுப்பில் நழுவி, கதவு விழுந்து சட்டம் பிளந்துவிட்டது. இன்னும் இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவன் முடிச்சு இறுகினால் அவிழ்வதில்லை, இன்னொருவன் முடிச்சு நிற்பதே இல்லை. மாமா போடுகிற முடிச்சுதான் சரி. அந்த வேலைக்குத் தினக்கூலி ஆள் ஒன்று எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். மரத்தடியில் நசுங்குவதைவிட இது மேல். உங்கள் குடிசைக்குப் புதுக் கூரை போட்டு ஆபீஸ் ஸ்டோராக்கியாகிவிட்டது. அதன் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மாமாவை முறைப்படி ஒரு மனு எழுதி அனுப்பச் சொல். நிலம் ரத்தான ஆள் என்பதால் ஆபீஸில் கேள்வி வரும். ஆகையால் முன் அனுபவத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். எனக்குச் சொந்தம் என்று எந்த இடத்திலும் எழுதக்கூடாது. சீக்கிரம் அனுப்பு, இந்த மாதப் பௌர்ணமி தவறிவிட்டது, அடுத்ததாவது தவறக்கூடாது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
கோவிந்தராஜ்


காட்டிலாகா முகாம், ரங்கத் வழி
2-6-1968

உயர்திரு ஓவர்சீயர் அவர்களுக்கு,

பழனிசாமி எழுதிக்கொள்ளும் மனு.

ஐயா, கரையடி மதகுக் கதவை ஏற்றத்தில் தூக்கிக் கட்டவும் இறக்கத்தில் அவிழ்க்கவும் ஆள் தேவை என்று தெரிந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த வேலையில் முன் அனுபவம் உண்டு. 1966, 1967 ஆகிய இரண்டு வருஷமும் இதே கதவில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். அதற்காக என் நிலம் ரத்து செய்யப்பட்டது. ரிப்போர்ட் தங்கள் ஆபீஸில் இருக்கும்.

நான் கட்டிய முடிச்சு ஒரு ஏற்றத்திலும் நழுவியதில்லை. வடக்கயிறு சொந்தமாக வைத்திருக்கிறேன். ஆபீஸில் வாங்கித் தர வேண்டியதில்லை. முகாமில் சங்கிலி விழுந்து வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மாசியில் நடந்தது. முடிச்சுப் போட மீதி விரல் போதும். கட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இந்தத் தீவில் நிலம் கிடையாது. சொந்தக்காரர் ஒருவரும் கிடையாது.

எந்தப் பௌர்ணமிக்குள் வர வேண்டும் என்று உத்தரவு வந்தால் வந்து நிற்பேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பழனிசாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுவை எழுதியது அவர் மனைவி செல்லம். போட்டில் மனு மட்டும்தான் வருகிறது. கருவாடு வைக்கவில்லை. இனி அது கவர்மெண்ட் மீன். தொட்டால் வேலை போய்விடும்.